2,900 அடி நடந்த கலங்கரை விளக்கம்

அமெரிக்காவின் வட கரோலினா கரைக்கு அரணாக நீண்டு கிடக்கும் மணல் தீவுகளில் ஒன்று ஹேட்டரஸ். தெற்கின் வெந்நீரோட்டமும் வடக்கின் குளிர்நீரோட்டமும் அதன் முனையருகே சந்திக்கின்றன. அங்கே டயமண்ட் மணல்திட்டுகளில் தட்டி உடைந்த கப்பல்கள் ஏராளம். 1803இல் எரியத் தொடங்கிய முதல் விளக்கின் வெளிச்சம் போதவில்லை என்று மாலுமிகள் ஓயாமல் முறையிட்டார்கள். பின்னர் 1870இல் எழுந்ததுதான் இன்றைய கோபுரம். ஏறக்குறைய 200 அடி உயரம்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். கறுப்பு வெள்ளைச் சுருள் பட்டைகளை 1873இல் தீட்டினார்கள்.

அதன் அடித்தளத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. தோண்டிய குழியில் ஊற்றுநீர் நிறைந்ததால், பைன் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அந்த நீருக்குள்ளேயே அடுக்கி, மேலே கருங்கல் கட்டினார்கள். நன்னீரில் மூழ்கி, காற்றுப் படாமல் கிடந்த மரம் உளுத்துப்போகவில்லை. ஆனால் கடல்நீர் உள்ளே புகுந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கட்டியபோது கடல் 1,500 அடி தள்ளியிருந்தது. 1930களில் அலை காலடிக்கே வந்துவிட, 1936இல் விளக்கை இரும்புக் கோபுரம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஆளில்லாத உச்சியில் இருந்த ஃபிரெனெல் லென்ஸின் கண்ணாடிப் பட்டகங்களை வந்தவர்கள் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கரை மீண்டும் சற்று அகன்றதும் 1950இல் வெளிச்சம் திரும்பியது. தூண்டில் வளைவுகள் போட்டார்கள், மணல் கொட்டினார்கள், கடல் நிற்கவில்லை. இத்தகைய தீவு ஓரிடத்தில் இருப்பதே இல்லை. புயல் கடலோர மணலை வாரி உள்பக்கம் போட, தீவு மொத்தமும் மெல்லப் பெருநிலம் நோக்கி நகர்கிறது.

கோபுரத்தையே நகர்த்திவிடலாம் என்று 1988இல் தேசிய ஆய்வுக் கழகத்தின் நிபுணர் குழு சொன்னது. உள்ளூரில் பலர் கொதித்தார்கள். செங்கல் கோபுரம் வழியில் சரிந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. மாவட்ட நிர்வாகம் நீதிமன்றம் வரை போனது. அந்த அச்சம் பாசத்தில் பிறந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னொரு தூண்டில் வளைவு சில ஆண்டுகளைத்தான் வாங்கித் தந்திருக்கும்.

கடைசியில் நகர்த்துவதென்றே முடிவானது. விளக்குக் காவலர்களின் வீடுகளும் நீர்த்தொட்டிகளும் முன்னே போயின. கோபுரத்தை அடித்தளத்திலிருந்து அறுத்துப் பிரித்து, எஃகு உத்திரங்கள் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கினார்கள். 1999 ஜூன் 17 அன்று 4,800 டன் எடை நகரத் தொடங்கியது. தண்டவாளம் போன்ற எஃகுப் பாதையில் வழுக்குவதற்குச் சோப்பு தேய்த்து, ஐந்து ஐந்து அடியாகத் தள்ளினார்கள். கட்டுமானத்தில் பொருத்திய உணர்கருவிகள் சாய்வையும் அதிர்வையும் கண்காணித்தன. ஜூலை 9 அன்று 2,900 அடி தாண்டிப் புது இடம் சேர்ந்தது. பழையபடி கடலிலிருந்து ஏறத்தாழ 1,600 அடி.

அந்தக் கோடையே டென்னிஸ் புயல் ஹேட்டரஸ் கரையை நாள்கணக்கில் அலைக்கழித்தது. கோபுரம் அசையவில்லை, நவம்பரில் மீண்டும் ஒளிர்ந்தது. பழைய அடித்தளக் கற்களில் காவலர்களின் பெயர்களைப் பொறித்து, அவை இருந்த இடத்திலேயே வட்டமாக வைத்திருந்தார்கள். கடல் அங்கும் நெருங்கிவிடவே, 2015இல் அவற்றையும் கோபுரத்தருகே கொண்டுவந்தார்கள்.