முருங்கைக்காயனின் வழித்தோன்றல்கள்: இலங்கை நெல்லாராய்ச்சி வரலாறு தரும் பாடம்

உணவுக்குப் பிறநாட்டை எதிர்பார்த்து நிற்கும் ஒரு நாட்டின் அரசியற் சுதந்திரம் முழுமையானதன்று. 1948இற் சுதந்திரம் பெற்ற இலங்கை இவ்வுண்மையை ஐந்தாண்டுகளுள் உணர நேர்ந்தது. அன்று நாட்டிற்குத் தேவையான அரிசியிற் பெரும்பகுதி கப்பலிலேயே வந்தது. அரிசி பெறுவதற்காக 1952இற் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1953இற் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

இவற்றை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். ஆயின் அதே காலத்திற் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்த மாற்றத்தை நம்மிற் பலர் அறியார். அரசியல் வரலாற்றினும் அது முக்கியத்துவம் குறைந்ததன்று.

1912இல் நிறுவப்பட்ட விவசாயத் திணைக்களம் தொடக்கத்திற் செய்தது தெரிவு முறையாகும். கமக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நெல்லினங்களிலிருந்து சிறந்த பயிர்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் விதையையே தூய வரிகளாகப் பெருக்கினர். பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் முதலியன இவ்வாறு எண்ணிடப்பட்ட வரிகளாயின. எனினும் தெரிவு முறைக்கு ஓர் எல்லையுண்டு. உள்ளதைப் பிரிக்கலாமேயன்றி, இல்லாத பண்பை அதனாற் சேர்த்தல் இயலாது. 1950களின் தொடக்கத்தில் ஹெக்டயர் ஒன்றின் சராசரி விளைவு ஒன்றரைத் தொன் அளவிலேயே நின்றது.

எனவே கலப்புப் பிறப்பாக்கம் மேற்கொள்ளப்பட்டது. ஒரு பூவின் மகரந்தக் கேசரங்களை நீக்கி, வேறோர் இனத்தின் மகரந்தத்தை அதிற் சேர்த்து, பிறக்கும் சந்ததிகளைப் பல போகங்கள் விதைத்துத் தெரிவு செய்யும் பொறுமைமிக்க பணி அது. முருங்கைக்காயன் 302 என்னும் நம் நாட்டு வரியையும் இந்தோனீசியாவின் மாஸ் என்னும் இனத்தையும் கலந்து பெற்ற எச். 4, 1958இல் வெளியிடப்பட்டது. எரிபந்த நோயைத் தாங்கிய இச்செந்நெல் நாடெங்கும் பரவியது.

எச். 4 உயர்ந்து வளர்வது. நைதரசன் மிகுந்தால் தாள் நீண்டு சாய்ந்துவிடும். 1966இற் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8, தைவான் நாட்டு இனமொன்றின் குட்டைப் பண்பைக் கொண்டிருந்தது. அப்பண்பினைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட குட்டை இனங்களுள் பீ.ஜீ. 94-1 (1975) குறிப்பிடத்தக்கது. 2020 அளவிற் சராசரி விளைவு நாலரைத் தொன்னை அண்மித்தது.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. குட்டை இனங்கள் பசளையை வேண்டி நின்றன. 1962இல் தொடங்கிய பசளை மானியம் தேவைக்கு மிஞ்சியும் இடும் பழக்கத்திற்கு இடமளித்தது. நெருங்கிய பசும்பயிரிடையே அறக்கொட்டி எனப்படும் கபில நிறத் தத்தி பெருகியது. பழைய இனங்கள் பல வயலை விட்டு மறைந்தன. இவற்றை மறைத்து எழுதுதல் வரலாறாகாது.

ஆயினும் இக்குறைகளுக்குப் பரிகாரம் கண்டதும் ஆராய்ச்சியே. அறக்கொட்டியை எதிர்க்கும் பண்பு, கேரளத்துப் பட்டாம்பியிற் பேணப்பட்ட மரபினமொன்றிற் காணப்பட்டது. அதனைக் கலந்து பெற்ற பீ.ஜீ. 379-2, 1980இல் வெளியாயிற்று. மறையும் இனங்களைக் காப்பதற்குக் கன்னொறுவையில் 1988இல் யப்பானிய உதவியுடன் தாவர மரபுவள நிலையம் அமைக்கப்பட்டது. பழைய விதை புதிய விதையின் பகையன்று. அதன் தாய் என்பதே இவற்றாற் பெறப்படும் உண்மையாகும்.

இவ்வுண்மையை மறந்ததன் பயனை நாடு 2021இற் கண்டது. அவ்வாண்டு மே 6ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. மண்ணையும் மக்களின் நலத்தையும் காத்தல் என்னும் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆனால் யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ அது பெரும்பாலும் இரண்டு சதவீதத்தினும் குறைவு. அரை நூற்றாண்டாக நைதரசனுக்கென உருவாக்கப்பட்ட பயிருக்கு ஒரே போகத்தில் அதனை மாற்றீடு செய்தல் எங்ஙனம் கூடும்? நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் நெல்விளைவு முந்திய ஆண்டினதில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கே. கடன்பட்டு விதைத்த கமக்காரன் பதரையே தூற்றினான். அரிசி மீண்டும் கப்பலில் வந்தது. 1953இன் பாடம் இன்னொரு வடிவில் திரும்பிற்று எனலாம்.

பசளையைக் குறைத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுதல், வைக்கோலை எரிக்காது வயலுக்கே திருப்புதல், குறைந்த நைதரசனிலும் விளையும் இனங்களைப் பழைய விதைகளின் துணையோடு உருவாக்கல் என்பனவே அதற்குரிய வழிகள். இவை ஆணையால் ஒரு நாளில் ஆவன அல்ல. போகந்தோறும் சோதித்து, தவறு கண்டு, திருத்திச் செல்வன. முருங்கைக்காயன் பரிசோதனை வயலிலிருந்து எச். 4 ஆகி மக்களின் வயலுக்குத் திரும்புவதற்குப் பல போகங்கள் சென்றன.

கலைப்பீடத்து மாணவர் நமக்கு நெல்லின் பரம்பரையியல் பாடமன்று. எனினும் ஆட்சியாளர் எடுக்கும் முடிவுகளின் பின்னே எத்தனை ஆண்டு அனுபவம் நிற்கின்றது என்று வினவுதல் வரலாறு பயில்வோரின் கடமையாகும். அவ்வினாவை 2021இல் உரத்துக் கேட்டவர் சிலரே. அதற்குரிய விலையைச் செலுத்தியவரோ, நாம் உண்ணும் சோற்றை விளைவித்தவர்.