காணியிலிருந்து நேர்காணல் வரை: மாமல்லபுரக் கரையில் ஆளெடுப்பு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடல், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்துள்ள ஊர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் காணப்படும் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதக் கல்விச்சாலைக்கும் மாணவர் விடுதிக்கும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும், அதாவது நோயாளிகளைத் தங்கவைத்துப் பேணும் இடத்துக்கும், ஆன செலவை வரிவரியாக வகுத்துரைக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என ஒவ்வொருவரின் வேலையும் அதற்குரிய நெல்லும் காசும் குறிக்கப்பட்டிருந்தும், ஆளை எப்படிச் சோதித்து எடுத்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. கோயில் சார்ந்த பணிகள் பெரும்பாலும் காணியாக, அதாவது குடும்பவழி உரிமையாக, இறங்கிவந்த காலத்தில் அந்தக் கேள்வியே எழுந்திராது எனலாம்.

ஆலைகளும் தோட்டங்களும் பெருகிய ஆங்கிலேயர் காலத்தில் உறவின் இடத்தை மேஸ்திரியும் கங்காணியும் பிடித்துக்கொண்டனர். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரே முன்பணம் கொடுத்தார், வேலை வாங்கினார், பிடிக்காதவரை விலக்கவும் செய்தார். ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், ஆளெடுக்கும் அதிகாரத்தை இவர்களிடமிருந்து பிரித்துத் தொழிலாளர் அலுவலர் என்னும் தனிப் பதவிக்குக் கொடுக்கப் பரிந்துரைத்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் நலத்துறை அலுவலர் இருக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. இன்று ஹெச்.ஆர். எனப்படும் மனிதவள மேலாளரின் முன்னோர் இவரே. அப்பதவி விருந்தோம்பலின் மடியில் பிறக்காமல் ஆலை வாசலில் பிறந்தது என்பதை மறந்தால் அதன் இன்றைய குணம் பிடிபடாது.

கடற்கரை விடுதிகளுக்கு அது வந்து சேரக் காலம் பிடித்தது. தரமணியிலுள்ள விடுதி மேலாண்மை நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. 1752இல் கிளைவ் கைப்பற்றிய கோவளம் கோட்டை இருந்த இடத்தில் 1970களில் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி எழுந்தது. மாமல்லபுரத்தில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் டெம்பிள் பே விடுதியை நடத்தியது. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைத் தெரிவிப்பதை 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருந்ததால், பதிவு அட்டையும் சீனியாரிட்டியும் அரசுத்துறை வேலையின் நுழைவாயிலாக விளங்கின. தனியார் விடுதியில் தெரிந்தவர் சொல்லே, அதாவது சிபாரிசே, பெரிதும் செல்லுபடியானது. டெம்பிள் பே 2001-02இல் பங்கு விலக்கலின்போது தனியார் கைக்கு மாறியது.

மனிதவளப் பணிக்கான நேர்காணலில் அந்த ஆலைத் தோற்றம் இன்றும் தெரிகிறது. விண்ணப்பதாரரிடம் வருங்கால வைப்புநிதியையும் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டையும் பற்றிக் கேட்கிறார்கள். மின்விசையால் இயங்கும் விடுதிச் சமையலறையில் உணவு சமைப்பதும் உற்பத்தி வேலையே என 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விடுதியை ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவந்த பிறகு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. பத்துப்பேர் வேலை செய்யும் இடத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்னும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பாடத்தில் சேர்ந்துவிட்டது. இவற்றுக்குப் படித்து விடை சொல்லிவிடலாம். மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கும் டிசம்பர் கடைசியில் அறைகள் எல்லாம் நிரம்பியிருக்க, ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் பாதிப்பேர் காலை ஷிப்டுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்வியில்தான் ஆள் பிடிபடுகிறார். பிற துறையிலிருந்து ஆள் கடன் கேட்பேன் என்பதோடு நிறுத்துபவரைவிட, செங்கல்பட்டிலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிவரும் வண்டி கிளம்பியதா என்று முதலில் விசாரிப்பேன் என்பவர் தொழில் அறிந்தவர்.

நலத்துறை அலுவலருக்குத் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது மாநில விதிகளில் பொதுவாகக் காணப்படும் தகுதி. விதி எழுதப்பட்டபோது இக்கரையில் அது தமிழ் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திராது. வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அறை துடைத்துப் பாத்திரம் கழுவும் இன்றைய விடுதிகளில், உங்களுக்கு இந்தி வருமா என்பதும் நேர்காணல் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது.