ஒரு அவுன்ஸ் இறகு

1886ம் வருஷம். நியூயார்க் கடைத்தெருவில் ஓர் இளைஞர் இரண்டு நாள் மாலை வேளையில் நடந்தபடி, எதிரே வருகிற பெண்களின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக நினைக்கவேண்டாம். அவர் பார்த்தது தொப்பிகளை.

பெயர் ஃப்ராங்க் சாப்மன். வங்கியில் வேலை பார்த்தவர், பறவைப் பித்தர். மொத்தம் 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றில் 542 தொப்பிகளில் இறகு இருந்தது. சிலவற்றில் இறகு மட்டுமில்லை, முழுப் பறவையே பாடம் செய்து உட்கார்ந்திருந்தது. என்னென்ன பறவை என்று அடையாளம் கண்டு குறித்துக்கொண்டே வந்தார். 40 இனங்கள். காட்டுக்குப் போகாமலேயே ஒரு பறவைக் கணக்கெடுப்பு!

இந்த மோகத்தில் ராணி யாரென்றால், வெண்கொக்கு. அதன் முதுகில் நூல் நூலாக, மெல்லிசாகத் தொங்குகிற இறகுக்குத்தான் அத்தனை கிராக்கி. விஷயம் என்னவென்றால், அந்த இறகு வருஷம் பூரா முளைப்பதில்லை. ஜோடி சேரும் சமயத்தில் மட்டும் முளைக்கும். ஆகவே வேட்டைக்காரர்களும் அப்போதுதான் கிளம்புவார்கள். கூட்டில் முட்டை இருக்கும், அல்லது குஞ்சு இருக்கும். சத்தம் அதிகம் எழாத சின்னத் துப்பாக்கி. பக்கத்துக் கூட்டுக் கொக்கு விழுந்தாலும் இது பறந்துபோகாது, குஞ்சை விட்டு எங்கே போகும்? ஒவ்வொன்றாகச் சுட்டு, முதுகுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு, மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். குஞ்சுகள் பட்டினியில் சாகும். ஒரு தோட்டாவில் இரண்டு தலைமுறை.

1902ல் லண்டன் ஏலத்தில் மட்டும் 1,608 பொதிகள் விற்பனையாயின. பொதிக்கு 30 அவுன்ஸ். ஒரு அவுன்ஸுக்கு நாலு பறவை என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், 1,92,960 பறவைகள். இந்தியக் கொக்குகளும் இந்தச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதே 1902ல்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கடத்தல் நிற்கவில்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவில் இந்த வேட்டையின் தலைநகரம், ஃப்ளோரிடா மாகாணத்தின் தெற்கு நுனி. எவர்கிளேட்ஸ். மைல் கணக்கில் புல் முளைத்த சதுப்பு, அது கடலைத் தொடுகிற இடத்தில் அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் குட்டிக் குட்டித் தீவுகள். நன்னீரும் உப்பு நீரும் கலக்கிற இடம் என்பதால் மீனுக்குக் குறைவில்லை. மீன் இருந்தால் கொக்கு வரும். கொக்கு வந்தால்?

கை பிராட்லி வந்தான். 1885ல் அவனுக்குப் பதினைந்து வயது. அண்ணனோடும் ஒரு சிநேகிதனோடும் சேர்ந்து, ஒரு பிரெஞ்சுக்கார இறகு வியாபாரிக்காகப் படகில் கிளம்பினான். அந்த ஒரு பயணத்தில் அந்தக் கோஷ்டி சுட்டது 1,397 பறவைகள், 36 இனம். சிநேகிதன் டைரி எழுதியதால் கணக்கு கிடைத்திருக்கிறது.

இதே பிராட்லிதான் பதினேழு வருஷம் கழித்துப் பறவைகளுக்குக் காவல்காரர் ஆனார். மனம் மாறிய மகான் என்றெல்லாம் கதை கட்ட நான் தயாரில்லை. ஃப்ளோரிடாவில் 1901ல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் பிரமாதமாகத்தான் இருந்தது. அமல்படுத்த ஆள் வேண்டாமா? அரசாங்கத்திடம் அதற்குப் பணமில்லை. நியூயார்க்கில் வில்லியம் டட்சர் என்ற இன்ஷூரன்ஸ் ஆசாமி, பறவை ஆர்வலர்களிடம் நன்கொடை திரட்டிக் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தார். தெற்கு ஃப்ளோரிடாவுக்கு பிராட்லியை எடுத்தார்கள். எந்தத் தீவில் எந்த மாதம் எந்தப் பறவை கூடு கட்டும் என்று அந்த வேட்டைக்கார மூளைக்குத் தெரியும். வேறென்ன தகுதி வேண்டும்?

சம்பளம் மாதம் 35 டாலர்.

இங்கேதான் எனக்குள் இருக்கிற பி.காம். கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. 1903ல் வேட்டைக்காரனுக்கு ஒரு அவுன்ஸ் கொக்கு இறகுக்குக் கிடைத்த விலை 32 டாலர். அப்போது தங்கமே அவுன்ஸ் 20 டாலர் சொச்சம்தான். அதாவது ஏறக்குறைய நாலைந்து கொக்குகளைச் சுட்டால் காவல்காரரின் மாசச் சம்பளம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம். கொக்கு குறையக் குறைய விலை வேறு ஏறும். ஏறிய விலை இன்னும் நாலு பேரை இழுத்துவரும். இந்தக் கணக்குக்கு எதிரே ஒரே ஒரு மனிதர், ஒரு படகு, ஒரு கைத்துப்பாக்கி.

அவர் வாழ்ந்த ஃப்ளமிங்கோ ஒரு பொட்டுக் கிராமம். பிராட்லி பிடிக்கவேண்டிய ஆட்களெல்லாம் அக்கம்பக்கத்து ஆட்களே. அவர் எந்தப் பக்கம் படகை விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் கிழக்கே போனால் இவர்கள் மேற்கே. கத்பர்ட் ஏரியில் அவர் பொத்திப் பொத்திக் காத்த கூடுகளை, அவர் இல்லாத நேரம் பார்த்து மொத்தமாகச் சுட்டுத் தீர்த்தார்கள். திரும்பி வந்தபோது நானூறு, ஐநூறு உடல்கள் கிடந்தன. தொப்பி எண்ணிய அதே சாப்மன் அந்தச் சமயத்தில் ஃப்ளமிங்கோவுக்கு வந்தார். அவரிடம் பிராட்லி இதைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் வால்டர் ஸ்மித். உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தரப்பில் துப்பாக்கி பிடித்தவர். முன்பு பிராட்லிக்கு சிநேகிதர். ஸ்மித்தின் மகன் டாமை பிராட்லி கைது செய்ததோடு சிநேகிதம் முடிந்தது. இன்னொரு தரம் என் பையன்மேல் கை வைத்தால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியே வைத்திருந்தார்.

1905, ஜூலை 8. காலையில் கடல் பக்கமிருந்து வேட்டுச் சத்தம். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தீவுதான். ஸ்மித்தின் படகு அங்கே நின்றிருந்தது. பிராட்லி மனைவியிடம் சொல்லிக்கொண்டு, சின்னப் படகில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனார். ஸ்மித்தின் பிள்ளைகள் செத்த பறவைகளோடு படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டாமைக் கைது செய்யப்போகிறேன் என்றார் பிராட்லி. ஸ்மித் சுட்டார்.

பிராட்லியின் படகு அலையில் தானாகவே மிதந்துகொண்டு போனது. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். ரத்தம் போயே இறந்திருந்தார். வயது 35. இரண்டு ஆண் குழந்தைகள்.

ஸ்மித் தானாகவே கீ வெஸ்ட் நகருக்குப் போய்ச் சரணடைந்தார். அவன்தான் முதலில் சுட்டான், நான் தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். பிராட்லியின் துப்பாக்கியிலோ ஒரு தோட்டாகூடச் செலவாகியிருக்கவில்லை. ஜூரிகள் கேட்டார்கள். போதிய சாட்சியம் இல்லை, வழக்கே தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாட்சிகள் யார்? ஸ்மித்தின் பிள்ளைகள். வேறு யார் இருந்தார்கள் அந்தக் கடலில்? ஆத்திரத்தில் பிராட்லியின் மைத்துனர்கள் ஸ்மித்தின் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்தக் கொலைக்கு நடந்த ஒரே தண்டனை அதுதான்.

1908ல் இன்னொரு காவலர், கொலம்பஸ் மெக்லியாட், காணாமல் போனார். கிடைத்தது மூழ்கடிக்கப்பட்ட படகும், வெட்டுக்காயத்தோடு ரத்தக்கறை படிந்த தொப்பியும். அவரைக் கொன்றது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதே வருஷம் தெற்கு கரோலினாவில் இன்னொருவர் கொல்லப்பட்டார்.

சதுப்பில் காவல் போட்டுப் பயனில்லை, கடையை மூடவேண்டும் என்பது டட்சர் வட்டாரத்துக்கு உறைத்தது. பெண்கள் சங்கங்கள் ஏற்கெனவே தொப்பிக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தன. பிராட்லியின் சாவு அவர்களுக்கு ஒரு முகம் கொடுத்தது. 1910ல் நியூயார்க் மாகாணம் இறகு விற்பனையைத் தடை செய்தது. 1913ல் மத்திய சட்டம், 1918ல் அதைவிட வலுவான இன்னொன்று. பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் பெரிய தொப்பிக்குத் தலையில் பிடிமானம் இல்லாமல் போனது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொக்குகள் திரும்பி வந்தன. ஆனால், பிராட்லி செத்த மறு வருஷமே ஃப்ளோரிடா கவர்னர் ப்ரோவார்ட் எவர்கிளேட்ஸை வடிகட்டி விவசாய நிலமாக்கக் கால்வாய் வெட்ட ஆரம்பித்துவிட்டார். துப்பாக்கிக்காரனையாவது கைது செய்யப் போகலாம். கால்வாயை? வடக்கிலிருந்து வரவேண்டிய நன்னீர் குறைந்தது, கடலோரம் உப்பு கூடியது, மீன் குறைந்தது. 1947ல் தென்பகுதி தேசியப் பூங்கா ஆனபோதும் தண்ணீர்க் குழாயின் திருகு பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது. பிராட்லி காவல் காத்த கடற்கரையிலிருந்து பறவைகள் மெல்ல மெல்ல உள்நாட்டுக்கு இடம் மாறின. கடலோரத்தில் இருந்த அவர் கல்லறையையும் 1960ல் ஒரு புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

2000ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆமை வேகம். 2017ல் நல்ல மழை. அடுத்த வருஷம் தெற்கு ஃப்ளோரிடாவில் எண்ணியபோது 1,38,000 கூடுகளுக்கும் மேல், பல பத்து வருஷங்களில் இல்லாத எண்ணிக்கை. கடலோர அலையாத்தி மரங்களிலும் கணிசமாகக் கட்டியிருந்தன.