பதினொரு டொலரும் ஒரு மனித உயிரும்

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டத்துக்குச் செல்லும் ஒடுங்கிய பாதையில் ஒரு நாள் மாலை, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சிறிய வான் ஒன்றில் நானும் இடம் பிடித்துக்கொண்டேன். மலைமேட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறிற்று. ஏற ஏறப் பெற்றோலின் நெடி மூக்கைத் துளைத்தது. சாரதியிடம் கேட்டேன். “பழைய வண்டி சேர், மேடு ஏறினா கொஞ்சம் மணக்கும்” என்றார். பின்னிருக்கையில் நெருக்கியடித்து இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களுள் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்களுக்குப் பழகிப்போச்சு சேர்.”

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. ஆபத்தின் மணம் மூக்குக்குத் தெரிந்திருந்தும், அது ஒரு முறைப்பாடாக எவர் காதையும் எட்டவில்லை. அறிந்த ஆபத்து முறைப்பாடாகவும், முறைப்பாடு சட்டமாகவும் மாறுவதற்கு உலகில் எத்துணைக் காலம் பிடித்தது, எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மோட்டார் கார் தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், விபத்து என்றால் ஓட்டியவன் மீதே பழி சுமத்துவது வழக்கமாயிருந்தது. வண்டியின் அமைப்பிலேயே குற்றம் இருக்கலாம் என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடையே ஆழமாக விதைத்தவர் ரால்ப் நேடர் என்ற இளம் அமெரிக்க வழக்கறிஞர். அவர் எழுதிய நூல் 1965 ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. குற்றமுள்ள வண்டிகளைப் பற்றி உரிமையாளருக்கு அறிவிக்கும் கடமை உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஆனால் சட்டம் பிறந்த மாத்திரத்தில் நீதி பிறந்துவிடுவதில்லை. அதற்குச் சான்றாக நிற்பது பின்டோ காரின் வரலாறு.

1970 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர்ட் நிறுவனம் பின்டோ என்னும் சிறிய காரைச் சந்தைக்கு விட்டது. நிறை 2,000 இறாத்தலுக்கு மேற்படலாகாது, விலை 2,000 டொலருக்கு மேற்படலாகாது என்பதே அதனை உருவாக்கியோருக்கு இடப்பட்ட கட்டளை. அதன் பெற்றோல் தாங்கி பின் அச்சுக்கும் பின்புறக் காப்புத் தகட்டுக்கும் இடையில் அமைந்திருந்தது. பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதினால், தாங்கி முன்னோக்கித் தள்ளப்பட்டு, அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரப் பெட்டியின் திருகாணிகள் அதனைக் கிழிக்கும். பெற்றோல் ஊற்றும் குழாயும் கழன்றுவிடும். பிறகு ஒரு பொறி போதும். நிறுவனம் தானே நடத்திய மோதற் சோதனைகளில் பெற்றோல் கசிந்தமை பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது.

கணக்கு ஒன்றும் வெளிப்பட்டது. வண்டிகள் கவிழும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்கும் விதியொன்றை அரசாங்கம் கொண்டுவர எண்ணியிருந்தது. அதனைக் குறித்துப் போர்ட் நிறுவனத்தில் 1973 ஆம் ஆண்டளவில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. வண்டி ஒன்றுக்கு 11 டொலர் செலவாகும்; 1 கோடியே 25 இலட்சம் வண்டிகளுக்கு 13 கோடியே 70 இலட்சம் டொலர். மறுபக்கத்தில், 180 மரணங்கள், உயிர் ஒன்றுக்கு 2 இலட்சம் டொலர்; 180 தீக்காயங்கள், ஒன்றுக்கு 67,000 டொலர்; எரிந்துபோகும் 2,100 வண்டிகள், ஒன்றுக்கு 700 டொலர். கூட்டினால் 4 கோடியே 95 இலட்சம் டொலர். ஆகவே விதி இலாபகரமானதன்று என்பது முடிபு!

இங்கே நாம் நேர்மை தவறலாகாது. இக்குறிப்பு பின்டோவுக்கென்றே எழுதப்பட்டது என்று பலர் கூறுவது பிழை. அது அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களையும் சிறு லொறிகளையும் பற்றியது. உயிருக்கு 2 இலட்சம் டொலர் என்ற மதிப்பும் அரசாங்கத்தின் பாதுகாப்புத் திணைக்களம் போட்ட கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆனால் இவ்வுண்மைகளால் குற்றம் குறைந்துவிடுமா? ஒரு முதலாளியின் தனிப்பட்ட கொடுமையை இங்கு நாம் காணவில்லை. மனித உயிரையும் திருகாணியையும் ஒரே பேரேட்டில் பதிந்து கூட்டிக் கழிக்கும் ஒரு முறைமையையே காண்கிறோம். அம்முறைமையில் அரசாங்கத்துக்கும் பங்கிருந்தது.

மக்கள் சும்மா இருந்தனரா? இல்லை. வாகனப் பாதுகாப்பு மையம் என்ற பொதுநல அமைப்பு 1974 ஆம் ஆண்டிலேயே முறையிட்டது. போதிய சான்று இல்லையென்று அது கைவிடப்பட்டது. 1977 ஆம் ஆண்டு ‘மதர் ஜோன்ஸ்’ என்ற இடதுசாரிச் சஞ்சிகையில் மார்க் டோவி என்னும் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கிற்று. அவர் தந்த மரணத் தொகை மிகையானது என்று பின்னர் விமர்சிக்கப்பட்டது உண்மைதான். எனினும் திணைக்களம் விசாரணையைத் தொடங்க வேண்டியதாயிற்று. 38 விபத்துகளில் 27 பேர் மாண்டதை அது கண்டறிந்தது.

1978 பெப்ரவரியில், கலிபோர்னியாவில் தீயில் வெந்த சிறுவன் ஒருவனின் வழக்கில், யூரர் சபை தண்டனை இழப்பீடாக மட்டும் 12 கோடியே 50 இலட்சம் டொலர் விதித்தது. நீதிபதி அதனை 35 இலட்சமாகக் குறைத்தார். அவ்வாண்டு யூனில் ஏறத்தாழ 15 இலட்சம் கார்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. திருத்தம் என்ன? ஒரு பிளாஸ்டிக் கவசமும் சற்று நீண்ட குழாயும்! இந்தியானா மாநிலத்தில் மூன்று இளம்பெண்கள் எரிந்து மாண்ட வழக்கில் நிறுவனத்தின் மீதே மனிதக்கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1980 ஆம் ஆண்டு அது விடுதலை பெற்றது.

1974 இலும் அதே கார், அதே தாங்கி, அதே திருகாணி. 1978 இல் மாறியிருந்தது ஒன்றே: சிதறிக் கிடந்த துயரங்கள் எண்ணப்பட்டு ஒரே குரலாயின.

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவின் நிலையைப் பார்ப்போம். 2010 பெப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் எரிபொருள் கசிவுக் குறைபாட்டுக்காகச் சுமார் 1 இலட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் மும்பையில் புத்தம் புதிய நானோ கார் ஒன்று தீப்பற்றியது. ஏழையின் கார் என்று புகழப்பட்ட அதில், வேறு சில தீ விபத்துகளுக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் டாட்டா நிறுவனம் இலவசமாக மேலதிகப் பாதுகாப்புப் பொருத்தித் தர முன்வந்தது; ஆயினும் அதனைத் திரும்ப அழைத்தல் என்று கூற மறுத்தது. அப்போது அவ்வாறு கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கு இருக்கவில்லை. 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே, குறித்த விகித உரிமையாளர் முறையிட்டால் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கிற்று. முறைப்பாடுகளின் தொகை அங்கே சட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று.

இனி நம் மலைநாட்டுக்குத் திரும்புவோம். இங்கு ஓடும் சிறிய கார்களிலும் வான்களிலும் பல யப்பானில் ஒருமுறை ஓடிக் களைத்து வந்தவை. அங்கே திரும்ப அழைக்கும் கடிதம் அந்நாட்டில் பதிவான உரிமையாளரின் முகவரிக்குச் செல்கிறது. கப்பலேறிக் கைமாறிய வண்டியைத் தேடி அக்கடிதம் ஊவா மலைக்கு ஏறிவருமா? டென்சோ நிறுவனம் செய்த எரிபொருட் பம்பியின் குறைபாட்டுக்காக, 2020 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் டொயோட்டா, ஹோண்டா முதலிய நிறுவனங்கள் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தன. அக்குறைபாடு ஓடும் வண்டியின் இயந்திரத்தை இடைநடுவில் நிறுத்திவிடக்கூடியது. பெரகலைக்கும் அப்புத்தளைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தில், பின்னால் லொறி வந்துகொண்டிருக்க, இயந்திரம் நின்றால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சு முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், நம் பாதைகளிலுள்ள வண்டிகள் மேலும் முதுமையடைந்தன.

2021 இறுதியில் நாடெங்கும் அடுப்படிகளில் எரிவாயு வெடித்தபோது நாம் ஒரு பாடம் கற்றோம். முதலில் ஒவ்வொரு வெடிப்பும் அந்தந்த வீட்டுப் பெண்ணின் கவனயீனமாகவே பேசப்பட்டது. செய்திகள் ஒன்றுசேர்ந்து தொகையானபின்னரே வாயுக் கலவையைப் பற்றிய கேள்வி எழுந்தது. சனாதிபதி குழுவொன்றை நியமித்தார். விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அதிகாரசபை நம்மிடம் உண்டு. ஆனால் முறையிடுவோர் யார்? வாடகை வானில் ஏறும் தோட்டத் தொழிலாளி எந்தப் பதிவேட்டிலும் வண்டியின் உரிமையாளரல்லர். உரிமையாளரின் முறைப்பாட்டுக்கே செவி இல்லாத இடத்தில், பயணியின் மூச்சுக்கு என்ன மதிப்பு? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியபோது, அவ்வாபத்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்ததை நாடு அறிந்தது. கோப்பிலுள்ள அறிவு மக்களைக் காப்பதில்லை என்பதற்கு நமக்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கராஜ்காரர் ‘செசி நம்பர்’ என்று கூறும் அடிச்சட்டக இலக்கத்தைக் கொண்டு, ஒரு வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்பதை யப்பானிய நிறுவனங்களின் இணையத் தளங்களிலேயே பார்த்துவிடலாம். நம் பிள்ளைகள் ஏறும் வண்டிகளின் இலக்கங்களைச் சாரதிகளோடு சேர்ந்து குறித்துப் பார்ப்போம். சாரதி நம் பகைவரல்லர். கடனுக்கு வாங்கிய வண்டியோடு அவரும் அதே தாங்கியின் மேல்தான் அமர்ந்திருக்கிறார். கண்டறிந்தவற்றைத் திகதியிட்டு, ஒன்றாகக் கையொப்பமிட்டு, உரிய இடத்துக்கு அனுப்புவோம்.

அந்த வானின் பெற்றோற் குழாயை இரண்டு நாட்கள் கழித்துச் சாரதியும் நானும் கராஜில் காட்டினோம். வெடித்துப்போயிருந்த ஒரு சாண் இறப்பர்க் குழாய் மாற்றப்பட்டது. மறுநாள் அச்சிறுமி வண்டியில் ஏறி மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “இப்ப மணக்கல்ல சேர்” என்றாள். அவளுக்கு இனி அந்த மணம் பழகிப்போகாது. மீண்டும் மணந்தால் அவளே கேட்பாள்.