கஞ்சி

ஹாங்காங், சிங்கப்பூரின் நூடுல்ஸ் கடைகளில் ஆங்கில மெனுவில் 'காஞ்ஜி' என்று ஓர் உணவு இருக்கும். பெயர் நம்முடைய கஞ்சிதான். கான்டனீஸ்காரர்கள் அதை 'ஜூக்' என்பார்கள். சீனத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டில்லை. இங்கிருந்து போர்த்துகீசியர் வாய்க்குப் போய், ஆங்கிலத்தில் ஏறியது. 1563இல் கோவாவில் அச்சான போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தாவின் மருத்துவ நூலிலேயே 'கஞ்ஜெ' வந்துவிட்டது: மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குத் தரும் அரிசி நீர்.

கொல்லிமலையில் கஞ்சி என்றால் அரிசியே வேண்டும் என்பதில்லை. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று சாமையிலேயே ரகம் ரகமாக விளைந்த மலை அது. உமி நீக்கிய சாமையை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டுக் கடைந்தால் கஞ்சி. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போதும். சீனக் கடையில் இதற்கு ஈடாக இஞ்சிக் கீற்றும் வெங்காயத்தாளும் தூவுகிறார்கள்; சிலர் உப்பிட்ட முட்டையும் வைக்கிறார்கள்.

தமிழில் இச்சொல் சோற்றோடு நிற்கவில்லை. வேட்டிக்கும் கஞ்சி போடுகிறோம், ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, வேலைநிறுத்தக் காலத்தில் கஞ்சித்தொட்டி. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது 'கஞ்ஜி' (ganji) என்று புழங்குகிறது.