விதிக்குள் அடங்காத பணம்

1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்த சாசனத்தின்படி அமைந்த உலக சுகாதார நிறுவனம் தன் பணிகளை ஆறு வட்டாரங்களுக்குப் பிரித்தளித்தது. ஆயினும் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு பணம் என்பதை வகுக்கும் சூத்திரம் எதுவும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அதனிடம் இருக்கவில்லை. உறுப்பு நாடுகள் தத்தம் வசதிக்கேற்பச் செலுத்தும் கட்டாயச் சந்தாவிலிருந்து உருவாகும் நிதி ‘வழக்கமான வரவு செலவுத் திட்டம்’ எனப்பட்டது. அதில் ஒரு வட்டாரம் முன்பு பெற்ற பங்கே அடுத்த ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாயிற்று.

இந்த வழக்கத்தை மாற்ற 1998 மே மாதம், உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் உலக சுகாதாரப் பேரவை 51.31 என்னும் எண்ணுடைய தீர்மானத்தை நிறைவேற்றியது. வருமானம், கல்வி, ஆயுள் ஆகியவற்றை இணைத்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டை அது அளவுகோலாகக் கொண்டது. மக்கள்தொகையை மடக்கை முறையில், அதாவது பத்து மடங்கு மக்கள் இருந்தாலும் பங்கு பத்து மடங்காகாதவாறு, கணக்கிடவும் வழிசெய்தது. அதன் விளைவாக, இந்தியா, இந்தோனேசியா, வங்கதேசம் போன்ற பெருநாடுகளை அப்போது கொண்டிருந்த, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் தன் பங்கில் ஒரு பகுதியை இழக்க, ஆப்பிரிக்காவும், சோவியத் ஒன்றியம் சிதறியதால் புதிய உறுப்பினர்களைப் பெற்ற ஐரோப்பாவும் கூடுதலாகப் பெற்றன. எந்த வட்டாரத்துக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்ற வரம்பு அதிர்ச்சியைத் தணித்தது. தேவையை அளந்து பகிர வேண்டும் என்ற கொள்கை சரியானதே; ஆனால் பெரிய நாட்டில் பிறந்த ஏழை சிறிய நாட்டின் ஏழையைவிடக் குறைவாக எண்ணப்பட்டது நியாயமாகாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சூத்திரம் ஆண்ட நிதியே அப்போது மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. 1980களின் தொடக்கத்தில், விலைவாசி உயர்வை ஈடுகட்டுவதற்கு மேல் சந்தா நிதி வளரலாகாது என்று பேரவை வரையறுத்தது. 1993இல் அந்த ஈடும் மறுக்கப்பட்டு, தொகை அப்படியே உறைந்தது. மறுபுறம் செல்வ நாடுகளும் பிற கொடையாளர்களும் தாமே நோக்கத்தைக் குறித்துத் தரும் விருப்ப நிதி பெருகியது: 1986–87இல் சந்தா நிதி 54.3 கோடி டாலராக இருக்க, விருப்ப நிதி 43.7 கோடியை எட்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது முந்திக்கொண்டது. போலியோ ஒழிப்பு போன்ற பெருந்திட்டங்கள் இந்தப் பணத்தால்தான் நடந்தன. அவற்றின் பயனை எவரும் மறுக்க முடியாது. ஆனால், அடிப்படை மருத்துவக் கட்டமைப்பை விட்டு ஒரு நோயின்பால் பணம் குவிவதைத் தடுக்கப் பேரவையின் சூத்திரத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. சிறுபகுதியைச் சமமாகப் பகிரும் முறை குறித்து அரசுகள் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெரும்பகுதியின் திசையைக் கொடையாளர்களே தீர்மானித்தனர்.

கட்டாயச் சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி, 2030–31க்குள் 2022–23ஆம் ஆண்டுகளின் அடிப்படைத் திட்டச் செலவில் பாதியை எட்டச் செய்வது என்று 2022இல்தான் பேரவை முடிவெடுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகலை அறிவித்த பின், அவ்வாண்டு மே மாதம் கூடிய பேரவை 2026–27க்கு முன்மொழியப்பட்டிருந்த 530 கோடி டாலரை 420 கோடியாகக் குறைத்தபோதும், சந்தாவை 20 விழுக்காடு உயர்த்த ஒப்புதல் அளித்தது.