ஆற்றிலிருந்து பாறை, பாறையிலிருந்து ஆறு: திருச்சிராப்பள்ளி நகரக்காட்சி சுவருக்கு வந்த வழி

தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டைச் சுற்றியபோது தீட்டியவற்றிலிருந்து பிறந்தவை திருச்சிராப்பள்ளி அச்சுப்படங்கள். மில்ட்ரெட் ஆர்ச்சரின் 1980ஆம் ஆண்டு நூலைத் தொடாமல் அவற்றைப் பற்றிப் பேச முடியாது. ஓவியர்கள் நடந்த தடத்தையும் படங்களையும் பொருத்திக் காட்டிய உழைப்பு அவருடையது. ஆனால் ஆர்ச்சர் அவர்களை முதன்மையாகப் பதிவாளர்களாகவே காண்கிறார். கேமரா அப்ஸ்கியூரா என்னும் இருட்டுப்பெட்டியின் துணையோடு கண்டதைக் கண்டபடி எழுதியவர்கள் என்பதும், ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்தத் துல்லியமே என்பதும் அவர் முடிவு. கோடு துல்லியமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்பதைப் பெட்டி தீர்மானிப்பதில்லை. ஆர்ச்சர் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

டேனியல்களின் அச்சுப்படத் தொகுதியான 'ஓரியண்டல் சீனரி'யின் இரண்டாம் பகுதி 1797–98இல் லண்டனில் வெளிவந்தது. அதிலுள்ள திருச்சிப் படங்களில் ஒன்று தென்கிழக்கிலிருந்து பார்த்தது, ஒன்று கோட்டைக்குள் நின்று பார்த்தது. பிற்காலத்தில் சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஏற்றதாக அமைந்தது மூன்றாவது. காவிரியில் நின்று பாறையைப் பார்ப்பதாக அதன் தலைப்பே சொல்கிறது. ஆறு பாறைக்கு வடக்கே ஓடுகிறது. கடைத்தெரு வழியாக மலைக்கோட்டைக்குப் படியேறும் வாசலோ தெற்கே இருக்கிறது. பல்லவர் குடைவரையின் வாயும் தெற்கு நோக்கியதே. ஊர்க்காரர் அன்றாடம் ஏறி இறங்கும் திருச்சிக்கு இந்தப் படம் முதுகுப்புறம். முன்னே நீர்ப்பரப்பு, பின்னே சுமார் 83 மீட்டர் உயரப் பாறை என்ற அமைப்பு அக்கால ஆங்கில நிலக்காட்சி ரசனைக்கு அப்படியே பொருந்தும். 1750களின் கர்நாடகப் போர்களையும் ராபர்ட் ஓர்மின் வரலாற்றையும் அறிந்த லண்டன் வாசகருக்கு இந்த ஊர்ப்பெயர் புதிதல்ல. முற்றுகைகளில் கேள்விப்பட்ட பாறையை இப்போது அமைதியான ஆற்றங்கரையில் வைத்துக் காட்டினார்கள்.

இதற்கு நேரெதிரான பார்வை அந்தப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. மேல் குடைவரையில் கங்காதரர் சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் உள்ள பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் சமஸ்கிருதக் கல்வெட்டைக் கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஸ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அதன் செய்தி விநோதமானது. தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் செழிப்பையும் காவிரியையும் எப்படிக் காண்பேன் என்று சிவன் கேட்க, அரசன் இந்த மலைக்கோயிலைக் கொடுக்கிறான். ஆறுகளில் விருப்பமுள்ள தன் கணவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவானோ என்று அஞ்சும் பார்வதி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லி இங்கேயே தங்கிவிடுகிறாள். இங்கே பார்ப்பவர் இறைவன், நிற்கும் இடம் பாறை, காட்சி ஆறு. டேனியல்கள் இந்த மூன்றையும் தலைகீழாக்கினார்கள். குடைவரை தெற்கு நோக்கியிருக்க, வடக்கே ஓடும் ஆற்றை இறைவன் எப்படிக் காண்பான் என்று கேட்கலாம். கல்வெட்டு பேசுவது மலை தரும் உயரத்தை. குகைவாயின் திசையை அல்ல. ஏழாம் நூற்றாண்டுச் செய்யுளைப் பதினெட்டாம் நூற்றாண்டு அச்சுப்படத்தோடு நிறுக்கலாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுக்கு என் கையில் இருப்பது மெலிந்த, பிற்காலச் சான்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்ற மைக்கா ஓவியங்களில் நிறைந்திருப்பவை தொழில்கள், சாதிகள், சாமிகள், ஊர்வலங்கள். ஊரின் விரிகாட்சி அந்தச் சரக்கில் இடம்பிடிக்கவில்லை. மைக்காத் தகடு சிறியது, விரிகாட்சி அதில் அடங்காது என்று சொல்லலாம், உண்மைதான். ஆயினும் பெருங்கூட்டத் திருவிழாவை அதே சிறு தகட்டில் அடக்கியவர்கள் பாறையையும் ஆற்றையும் அடக்கியிருக்க மாட்டார்களா? நகரத்தை வெளியே நின்று ஒரே பார்வையில் அள்ளும் வழக்கம் வாங்கியவரின் வழக்கம் என்றே கொள்கிறேன்.

டேனியல் அச்சுப்படங்கள் நூலகத்துக்கான தொகுதிகள், சுவருக்கானவை அல்ல என்பது ஆர்ச்சர் வழி நிற்போர் எழுப்பக்கூடிய ஆட்சேபம். முழுத் தொகுதி 210 பவுன் என்பதும் அவர்கள் பக்கமே பேசும். ஆனால் விளக்கவுரையைத் தனிச் சிறு புத்தகமாகப் பிரித்து, படத்தாளை எழுத்தில்லாமல் விட்டதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட தாள் கட்டிலிருந்து கழன்றாலும் குறைபடாது. 1807இல் பிரான்சின் ரிக்ஸ்ஹெய்ம் ஊரில் ஸூபர் நிறுவனம் டேனியல் படங்களைத் தழுவி 'லிந்துஸ்தான்' என்ற விரிகாட்சிச் சுவர்த்தாளை அச்சிட்டது. திருச்சிப் பாறை அதில் இருக்கிறது என்று நான் வாதிடவில்லை; இந்த வகைப் படம் பத்தே ஆண்டுக்குள் சுவரேறியது என்பது என் வாதத்துக்குப் போதும். 1812–16இல் வந்த சிறு பதிப்பு விலையை இறக்கியது. 1858இல் லின்னேயஸ் டிரைப்பின் திருச்சிப் புகைப்படத் தொகுதி வந்தபோது, பதிவு என்ற வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது; அச்சுப்படத்துக்கு எஞ்சியது அலங்காரம்.

இலங்கையின் மலையகத்துக்கும் இதில் பங்குண்டு. 1904இல் தோட்டத்துரைமார் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடம் திருச்சியில்தான் இருந்தது. அந்த ஊர் வழியாக வந்த தோட்டத் தொழிலாளர்களின் லயச் சுவரில் நகரக்காட்சி ஏறவில்லை, சாமி படம் ஏறியது. திருச்சிப் பாறையின் உச்சிப்பிள்ளையார் வந்தாலும் சாமியாகவே வந்தார். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுகிறவர் உச்சியில் நின்று உதயத்தைப் பார்க்கவே போகிறார் என்பதை வைத்து, கல்வெட்டின் பார்வை இங்கே தொடர்கிறது என்று சொல்ல ஆசைதான். அது ஒப்புமை, சான்றாகாது. ஆற்றிலிருந்து பார்த்த அந்தப் படம் தொகுதியிலிருந்து சட்டத்துக்குள் போன காலத்துக்கு 1797–98 என்ற கீழெல்லை மட்டுமே நிற்கிறது. மேலெல்லையைத் தனித்தாள்களின் விளிம்பு வெட்டு, தையல் துளை, பின்புற ஒட்டுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுதான் குறிக்க வேண்டும்.